தோல்நிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷனைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேக்கப் பொருள்களில் தவறாகத் தேர்ந்தெடுத்தால் உடனே காட்டிக்கொடுப்பது, முகம் முழுவதும் தோலின் நிறத்தில் பூசும் ஃபவுண்டேஷன்தான். லிப்ஸ்டிக் சற்று அழுத்தமாக அமைந்துவிட்டால் அதை அவரவர் விருப்பம் என்று விட்டுவிடுவார்கள். ஃபவுண்டேஷன் ஒரு படி தவறினாலும் முகம் ஒரு நிறமாகவும் கழுத்து வேறு நிறமாகவும் நிற்கும். ஒப்பனைக் கலைஞராகப் பணியாற்றும் என்னிடம் வருவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஷேடைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டைப் பார்க்க வேண்டும். தோல் எவ்வளவு வெளிர்ந்தது அல்லது அடர்ந்தது என்பது ஒன்று. அந்த நிறத்துக்கு அடியில் ஓடும் சாயல், அதாவது அண்டர்டோன், மற்றொன்று. பலர் முதலாவதை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். தவறு நேர்வதோ பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

தோலின் நிறத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது மெலனின். அதை உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதர்களிடமும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையும், அது தோலில் பரவியிருக்கும் விதமும்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. இதனுடன் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் சிவப்பையும், உணவின் வழியாகத் தோலில் சேரும் கரோட்டின் மஞ்சளையும் கூட்டுகின்றன. இவை கலக்கும் விகிதம் மாறுவதால், ஒரே அளவுக்கு அடர்ந்த நிறமுடைய இருவரில் ஒருவருக்குப் பொன்மஞ்சள் சாயலும் மற்றவருக்கு இளஞ்சிவப்புச் சாயலும் இருக்கக்கூடும். அந்த இருவருக்கும் ஒரே பாட்டில் பொருந்தாது.

மஞ்சள், பொன், பீச் சாயல் கொண்டதை வார்ம் என்றும், இளஞ்சிவப்போ நீலமோ தொனிப்பதைக் கூல் என்றும், இரண்டுக்கும் நடுவில் நிற்பதை நியூட்ரல் என்றும் அழைக்கிறார்கள். மஞ்சளுடன் மெல்லிய பச்சை கலந்த ஆலிவ் என்ற ஒன்றும் உண்டு. "எந்த ஷேடும் எனக்குச் சரியாக வருவதில்லை, ஒன்று ஆரஞ்சாக இருக்கிறது, இல்லாவிட்டால் ரோஜா நிறமாக இருக்கிறது" என்று சலித்துப்போய் வருவோரின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால், அவர்களில் பலர் ஆலிவ் சாயல் கொண்டவர்களாக இருப்பார்கள்.

மணிக்கட்டு நரம்பின் நிறத்தைக் கொண்டு அண்டர்டோனைக் கண்டுபிடிக்கலாமா?

நரம்பு பச்சையாகத் தெரிந்தால் வார்ம், நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் கூல் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. வெளிர்நிறத் தோலில் இது ஒரு சிறு குறிப்பாக உதவலாம். அடர்நிறத் தோலில் நரம்பே தெளிவாகத் தெரியாது என்பதால், அதை வைத்து முடிவெடுக்க முடியாது. தங்க நகை எடுப்பாக இருக்கிறதா, வெள்ளி நகை எடுப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தையும் நான் நம்புவதில்லை. எந்த நகை அணிந்து பழகியிருக்கிறோமோ அதுவே நம் கண்ணுக்கு அழகாகத் தெரியும்.

இவற்றைவிட நம்பகமான வழி, முகத்தைக் கழுவித் துடைத்து அரைமணி நேரம் கழித்து, ஜன்னலோரம் நின்று, வெள்ளைத் தாள் ஒன்றைக் கழுத்தை ஒட்டிப் பிடித்துப் பார்ப்பது. தூய வெள்ளைக்குப் பக்கத்தில் தோலின் சாயல் தானாக வெளிப்படும். அதிலும் ஐயம் தீராவிட்டால், ஒரே அளவு அடர்த்தியில் வார்ம், கூல், நியூட்ரல் என மூன்று ஷேடுகளைப் பக்கம்பக்கமாகத் தோலில் இட்டுப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது சரியென்று தோன்றும் நிறம்கூட, ஒப்பிட்டுப் பார்க்கும்போது தவறென்று தெரிந்துவிடும்.

"நான் மாநிறம்" என்று சொன்னால் எனக்கான ஷேடைச் சொல்லிவிட முடியாதா?

முடியாது. மாநிறம் என்ற ஒரே சொல்லுக்குள் ஏழெட்டு ஷேடுகள் அடங்கிவிடும். அதைவிடக் குழப்பம் தருவது 'சிவப்பு' என்ற சொல். தமிழில் வெளிர்ந்த தோலைச் சிவப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அப்படிச் சொல்லப்படும் முகங்களில் பலவற்றின் அண்டர்டோன் மஞ்சள்தான். தம்மைச் சிவப்பு என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர், சொல்லின் பழக்கத்தாலேயே இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட பாட்டிலை எடுத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தோல்நிறத்தை வகைப்படுத்த அளவுகோல்கள் இல்லாமல் இல்லை. 1975இல் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்து, பின்னர் ஆறு வகைகளாக விரிந்த அளவுகோல், வெயில் பட்டால் தோல் எவ்வளவு எளிதில் கன்றுகிறது, எவ்வளவு கறுக்கிறது என்பதைச் சொல்வது; சிகிச்சைக்காக ஏற்பட்ட அதை மேக்கப் தேர்வுக்குப் பயன்படுத்துவது பொருத்தமில்லை. சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் உருவாக்கி, 2022இல் கூகுள் வெளியிட்ட பத்து நிற அளவுகோல் அடர்நிறங்களுக்கு அதிக இடம் தருகிறது. என்றாலும் பத்துப் படிகளில் அடர்த்தியைத்தான் அது சொல்கிறது. உங்கள் சாயலை நீங்கள்தான் பார்த்தறிய வேண்டும்.

எந்த இடத்தில் தடவிப் பார்க்க வேண்டும்?

தாடையின் ஓரத்தில். புறங்கை வெயில்பட்டு முகத்தைவிட அடர்ந்திருக்கும்; மணிக்கட்டின் உட்புறம் முகத்தைவிட வெளிர்ந்திருக்கும். அந்த இரண்டு இடங்களிலும் பொருந்தியது முகத்தில் பொருந்தும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

உங்களுக்கு நெருங்கிவரும் மூன்று ஷேடுகளை எடுத்து, கன்னத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்குமாறு விரல் அகல இடைவெளியில் மூன்று கோடுகள் இடுங்கள். பிறகு கண்ணாடியுடன் பகல் வெளிச்சத்துக்கு வந்துவிடுங்கள். ஒரு கோடு சுண்ணாம்பு இழுத்ததுபோல் எழும்பி நிற்கும். இன்னொன்று செம்மண் கறைபோலத் தெரியும். மூன்றாவதை விரல்நுனியால் இரண்டு தட்டுத் தட்டியதும், எங்கே இட்டோம் என்று தேட வேண்டியிருக்கும். அப்படிக் காணாமற்போகும் கோடுதான் உங்கள் ஷேடு. மூன்றில் ஒன்றுகூட மறையவில்லை என்றால் அன்று எதையும் வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

கடையில் கச்சிதமாக இருந்தது, வெளியே வந்ததும் வேறு நிறமாகத் தெரிகிறதே, ஏன்?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது வெளிச்சம். ஒரு விளக்கொளியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்கள் வேறோர் ஒளியில் வெவ்வேறாகப் பிரிந்து தெரிவது இயற்பியலில் நன்கு அறியப்பட்ட ஒன்று. மஞ்சள் விளக்கின் கீழ் வார்ம் ஷேடும் நியூட்ரல் ஷேடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். நீலம் தூக்கலான வெள்ளை விளக்கோ எல்லாத் தோலையும் சோர்வாகக் காட்டும். ஆகவே நேரடி வெயில் படாத, ஜன்னல்வழி வரும் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

இரண்டாவது, பூசிய பின் நிகழும் மாற்றம். பாட்டிலிலிருந்து வந்தவுடன் ஃபவுண்டேஷனில் இருக்கும், எளிதில் ஆவியாகும் பொருள்கள் சில நிமிடங்களில் பறந்துவிடுகின்றன. எஞ்சும் நிறமிகள் தோலின் எண்ணெயில் நனைந்து அடர்ந்து தெரிகின்றன. இதைத்தான் ஆக்சிடைஸ் ஆகிவிட்டது என்று பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். எண்ணெய் வழியும் முகத்தில் இந்த மாற்றம் கூடுதலாகத் தெரியும். கோடிட்ட பிறகு குறைந்தது இருபது நிமிடம், முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பவர் ஏமாறுவது அரிது.

ஒன்றிரண்டு படி வெளிர்ந்த ஷேடைப் போட்டால் முகம் பளிச்சென்று தெரியாதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எப்போதும் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கேட்பவரின் மனத்தில் ஷேடைத் தாண்டி வேறொன்றும் இருக்கும்.

முதலில் பொருளின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். ஃபவுண்டேஷனின் நிறம் பெரும்பாலும் நான்கு நிறமிகளால் ஆனது: மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகள், வெள்ளை நிறமியான டைட்டானியம் டைஆக்சைடு. ஷேடு வெளிர வெளிர வெள்ளை நிறமி கூடுகிறது. கருமையான பரப்பின்மேல் மெல்லிய வெள்ளைப் படலம் விழுந்தால் அது நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். கறுப்புத் தட்டில் சிந்திய பாலின் விளிம்பைப் பார்த்தால் இது விளங்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் வெளிர்ந்த ஷேடைப் பூசும்போது முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆவதற்கு இதுவே காரணம். எதிர்பார்த்த வெளுப்பு வராது; இருந்த பொலிவும் போய்விடும்.

என் கல்லூரி நாள்களில் ஒரு கடையில், விற்பனையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்டதைவிட இரண்டு படி வெளிர்ந்த பாட்டிலை எடுத்துத் தந்து, "இது போட்டால்தான் எடுப்பாக இருக்கும்" என்றார். அன்று மாலை எடுத்த குழுப் புகைப்படத்தில் என் முகம் சாம்பல் நிறத்தில் தனியாக நிற்கிறது. காதும் கழுத்தும் என் சொந்த நிறத்தில் இருக்கின்றன. அந்தப் புகைப்படத்தை இன்றும் வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் இளம்பெண்கள் "இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்குங்கள் அக்கா" என்று கேட்கும்போது அதை எடுத்துக் காட்டுவேன். பிறகு அவர்களுடைய முகத்தின் ஒரு பாதியில் அவர்கள் கேட்ட ஷேடையும், மறுபாதியில் அவர்களுடைய சரியான ஷேடையும் பூசி, கண்ணாடியைக் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பேன். சரியான ஷேடு உள்ள பாதியில் தோல் தெரியும், கண் எடுப்பாகும், கன்னத்தின் எலும்புக்கு நிழல் இருக்கும். மறுபாதியில் பூச்சு மட்டும்தான் தெரியும்.

பொலிவுதான் வேண்டும் என்றால், முகம் முழுவதும் உங்கள் ஷேடையே பூசிவிட்டு, கண்ணுக்குக் கீழும் நெற்றி நடுவிலும் மூக்குத் தண்டிலும் மட்டும், குறைகளை மறைக்கப் பயன்படும் கன்சீலரில் ஒரு படி வெளிர்ந்ததை மெல்லிதாகத் தொட்டு வையுங்கள்.

கருநிறத் தோலுக்கு ஷேடு கிடைப்பதே அரிதாக இருக்கிறது. எதைத் தேட வேண்டும்?

இந்தக் குறை உண்மையானது. தவறு உங்கள் தோலிலும் இல்லை, உங்கள் தேடலிலும் இல்லை. பல பத்தாண்டுகளாக நிறுவனங்கள் வெளிர்நிறங்களைப் பத்துப் பன்னிரண்டாகப் பிரித்துவிட்டு, கருநிறத்துக்கு ஒன்றிரண்டைப் பெயருக்கு வைத்திருந்தன. அமெரிக்காவில் யூனிஸ் ஜான்சன் 1973இல் ஃபேஷன் ஃபேர் என்ற நிறுவனத்தையும், மாடல் அழகி இமான் 1994இல் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தையும் தொடங்கியது இந்தக் குறையைப் போக்கத்தான். 2017 செப்டம்பரில் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 ஷேடுகளுடன் வந்த பிறகு, மற்ற பெரிய நிறுவனங்களும் தங்கள் வரிசையை நீட்டத் தொடங்கின.

தேடும்போது ஷேடுகளின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். வரிசையின் அடர்ந்த முனையில் எத்தனை சாயல்கள் இருக்கின்றன என்று பாருங்கள். கருநிறத்திலும் பொன்சாயல், செம்பழுப்புச் சாயல், நீலம் தொனிக்கும் சாயல் என்று பிரிவுகள் உண்டு. வெறும் கறுப்பு நிறமியைக் கூட்டி அடர்த்தியாக்கிய ஷேடு முகத்தைக் களையிழக்கச் செய்யும்; சிவப்பும் பொன்னும் போதுமான அளவில் கலந்த ஷேடுதான் உயிரோடு இருக்கும். ஒரு துளியை வெள்ளைத் தாளில் மெல்லிதாக இழுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

நெற்றியும் வாயைச் சுற்றியுள்ள பகுதியும் கன்னத்தைவிடக் கறுத்திருக்கின்றன. எதற்குப் பொருத்துவது?

அடர்நிறத் தோலில் இது மிக இயல்பானது, கவலைப்பட வேண்டியதில்லை. ஃபவுண்டேஷனைக் கழுத்துக்கும் மார்பின் மேற்பகுதிக்கும் ஒத்துப்போகுமாறு தேர்ந்தெடுங்கள். கறுத்த பகுதிகளை மறைக்க ஃபவுண்டேஷனை அடுக்கடுக்காகப் பூசினால் அங்கே சாம்பல் நிறம்தான் படியும். அதற்குப் பதில், ஃபவுண்டேஷனுக்கு முன்னால் அந்த இடங்களில் மட்டும், நிறத்தைச் சமன்செய்யும் கரெக்டரை மிக மெல்லிதாகத் தட்டி வைக்க வேண்டும். மாநிறத்துக்குப் பீச், கருநிறத்துக்கு ஆரஞ்சு அல்லது செம்மை கலந்த ஆரஞ்சு பொருந்தும். கறுத்த பகுதியின் நீலச் சாயலை ஆரஞ்சு சமன்செய்துவிடுவதால், அதன்மேல் சிறிதளவு ஃபவுண்டேஷனே போதுமானதாக இருக்கும். ஆண்களின் மழித்த தாடையில் தெரியும் நீலநிழலுக்கும் இதே முறைதான்.

மங்கு உள்ளவர்கள் நிறம் திடீரெனப் பரவுவதைக் கண்டால் மேக்கப்பால் மூடிக்கொண்டே இருக்காமல் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என் கன்னம் சிவந்திருக்கும். அப்படியானால் நான் கூல்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கன்னத்தின் சிவப்பு மேற்பரப்புக்கு அருகிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களாலோ, பருவாலோ, தோலின் எரிச்சலாலோ வந்திருக்கலாம். கழுத்தைப் பார்த்தால் மஞ்சள் சாயல் தெரியலாம். கழுத்தைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். சிவப்பு உறுத்தினால் அங்கே மட்டும் பச்சை கரெக்டர் ஒரு துளி போதும்.

பாட்டிலில் உள்ள எண்ணும் எழுத்தும் எதைக் குறிக்கின்றன?

பொதுவாக எண் அடர்த்தியையும், எழுத்து அண்டர்டோனையும் குறிக்கும். ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. மேக் (MAC) என்ற ஒப்பனை நிறுவனத்தில் 'என்சி' (NC) என்று தொடங்கும் ஷேடுகள் பொன்மஞ்சள் சாயலுக்கும், 'என்டபிள்யூ' (NW) என்று தொடங்குபவை இளஞ்சிவப்புச் சாயலுக்கும் உரியவை. C என்றால் கூல், W என்றால் வார்ம் என்ற மற்ற நிறுவனங்களின் வழக்கப்படி இதைப் படித்தால் நேர்மாறாக வாங்கிவிடுவோம். ஒரு நிறுவனத்தின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தில் அதே எண்ணைக் கேட்பதும் வீண்.

எண்ணெய்ப்பசை, வறட்சி போன்ற தோலின் தன்மைக்கும் ஷேடுக்கும் தொடர்பு உண்டா?

மறைமுகமாக உண்டு. எண்ணெய் வழியும் தோலில் நிறம் அடரும் என்று மேலே சொன்னேன். அவர்கள் பளபளப்பில்லாத, எண்ணெய் சேர்க்காத வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வறண்ட தோலில் அத்தகைய மேட் வகையும் பவுடரும் செதில்களில் ஒட்டித் திட்டுத்திட்டாகத் தெரியும் என்பதால், ஈரப்பதம் தரும் திரவ வகையே பொருந்தும். அடியில் பூசும் பிரைமரும் ஃபவுண்டேஷனும் ஒரே அடிப்படையில், அதாவது இரண்டும் நீர் சார்ந்தோ இரண்டும் சிலிகான் சார்ந்தோ இருந்தால், பூச்சு உருண்டு திரள்வது பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

ஃபவுண்டேஷனில் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) இருந்தால் தனியாக சன்ஸ்கிரீன் வேண்டாமா?

வேண்டும். பாட்டிலில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் தடவிச் சோதித்துப் பெறப்பட்டது. அந்த அளவுக்கு யாரும் ஃபவுண்டேஷன் பூசுவதில்லை. பூசினால் முகமூடி போலத் தெரியும். முதலில் சன்ஸ்கிரீனைப் பூசி, அது படிந்த பிறகு ஃபவுண்டேஷனுக்கு வாருங்கள். ஃபவுண்டேஷனின் இரும்பு ஆக்சைடுகள் கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால், மங்கு உள்ளவர்களுக்கு நிறம் கலந்த பூச்சினால் கூடுதல் பயன் உண்டு.

நேரில் நன்றாக இருக்கும் முகம் ஃபிளாஷ் புகைப்படத்தில் மட்டும் வெளுத்துப்போகிறதே?

டைட்டானியம் டைஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, சில பவுடர்களில் உள்ள சிலிகா ஆகியவை ஃபிளாஷ் ஒளியை அப்படியே திருப்பி அனுப்புவதால் இவ்வாறு ஆகிறது. முக்கியமான நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே முழு மேக்கப்புடன், இருட்டான அறையில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஒரே ஷேடை ஆண்டு முழுவதும் பயன்படுத்தலாமா?

வெயிலில் அதிகம் திரிபவர்களுக்கு அது இயலாது. ஒரே வகையில், ஒரே அண்டர்டோனில், அடுத்தடுத்த இரண்டு அடர்த்திகளை வைத்துக்கொண்டு, தோல் மாறுவதற்கு ஏற்பப் புறங்கையில் கலந்து பயன்படுத்துவதே சிறந்த வழி. தொழில்முறைக் கலைஞர்களான நாங்கள்கூட ஒரே பாட்டிலிலிருந்து நேராகப் பூசுவது குறைவு.

தவறான ஷேடை வாங்கிவிட்டேன். தூக்கி எறிய வேண்டியதுதானா?

பொறுங்கள், பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். வெளிர்ந்துவிட்டது என்றால், அதே வகையில் அடர்ந்த ஷேடின் சிறிய அளவை வாங்கிக் கலக்கலாம். ஆரஞ்சாக அடித்தால், நிறம் திருத்துவதற்கென்றே விற்கப்படும் நீலத் துளியில் ஊசிமுனை அளவு போதும். ஒரு முழுச் சொட்டு விட்டால் முகம் பச்சையாகிவிடும். ரோஜா நிறம் தூக்கலாக இருந்தால் மஞ்சள் துளி சமன்செய்யும். முழுப் பாட்டிலில் கலக்காமல், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கையில் கலந்துகொள்ளுங்கள். மிகவும் அடர்ந்துவிட்ட பாட்டிலைக் கன்ன ஓரத்தில் நிழல் தருவதற்கான கான்டூராக வைத்துக்கொள்ளலாம்.

எதைக் கலப்பதற்கு முன்பும் பாட்டிலின் பின்புறம் பாருங்கள். மூடி திறந்த டப்பாவின் படத்துக்குள் 12 என்றோ 24 என்றோ எண் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதங்கள்தான் அதன் ஆயுள். அந்தக் காலம் கடந்துவிட்டாலோ, நீரும் பூச்சும் பிரிந்து குலுக்கினாலும் சேராமல் நின்றாலோ, வாடை மாறியிருந்தாலோ, அதை முகத்துக்குக் கொண்டுபோகாமல் எறிந்துவிடுங்கள்.